“ரெடி கேஷ் பார்ட்டி” வந்தாச்சு! பூர்வீக வீட்டு விலையில் அக்கா, தங்கை பங்கு எங்கே?

மதுரையில் பழைய வீடு ஒன்று விலைக்கு வருகிறது என்று தெரிந்ததும் தரகர் வாயில் வரும் முதல் வார்த்தை, “ரெடி கேஷ் பார்ட்டி கையில இருக்கு” என்பதுதான்.

பேங்க் லோன் அலைச்சல் இல்லை. பேப்பரைப் புரட்டி நோண்டிக் கேட்கும் ஆள் இல்லை. ஒரே வாரத்தில் கிரயம். பாதிப் பணம் பத்திரத்தில். மீதிப் பணம் பையில். கேட்கும்போது காதுக்கு இனிக்கிறது.

அப்பா காலமான பிறகு வீட்டை விற்கும் பிள்ளைகள் பலர் இந்தப் பேச்சுக்குத் தலையாட்டி விடுகிறார்கள். பத்திரத்தில் ஏறிய பணத்துக்கு எல்லோரும் பங்கு. பையில் வந்த பணத்துக்கு? யார் எண்ணுகிறாரோ அவருக்கு!

பெரும்பாலும் எண்ணுகிறவர் மூத்த அண்ணன். எண்ணும் இடத்தில் இல்லாதவர்கள், கட்டிக் கொடுத்த ஊரில் இருந்து கையெழுத்துப் போட மட்டும் பஸ் ஏறி வரும் அக்காவும் தங்கையும்.

ரொக்க வியாபாரத்தின் மீது சுப்ரீம் கோர்ட்டு 2025-ல் பிடியை இறுக்கி விட்டது. ஆகவே இந்த விஷயம் இனி குடும்பச் சண்டையோடு நிற்காது. வருமான வரி ஆபீஸ் வரை போகும்.

மாசி வீதி கணக்கு

சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று மீனாட்சி அம்மன் கோவிலைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கும் தெருக்களில் பழைய வீடுகள் முகப்பில் குறுகல், உள்ளே நீளம். தாத்தா காலத்தில் ஒரு குடும்பம் இருந்த வீட்டுக்கு, பேரன் பேத்தி காலத்தில் பத்துப் பங்குக்காரர்கள்.

ஒருவர் சென்னையில். ஒருவர் துபாயில். ஒருவர் திருநகரில் சொந்த வீடு கட்டிக் குடியேறி விட்டார். பழைய வீட்டில் இருப்பது வயதான அத்தையும், ஒத்திக்கு இருக்கும் ஒரு குடும்பமும்தான். ஓடு மாற்றக்கூட யாரும் காசு போடுவதில்லை. “வித்துப் பிரிச்சுக்கலாம்” என்ற பேச்சு அங்கேதான் ஆரம்பம்.

விலையை இறக்க வாங்குகிறவர் கையில் ஒரு ஆயுதமும் இருக்கிறது. கோவிலைச் சுற்றி 1 கிலோ மீட்டர் தூரத்துக்குள் 9 மீட்டருக்கு மேல் உயரமாகக் கட்டக் கூடாது என்பது 1997-ல் வந்த அரசு உத்தரவு. “மாடி மேல மாடி கட்ட முடியாதுண்ணே, இடத்துக்கு இவ்வளவுதான் வெல” என்பார்கள்.

உத்தரவு உண்மை. ஆனால் கடைவீதியில் அதே இடத்தின் தரைத்தளம் கடைக்கோ கிட்டங்கிக்கோ போனால் என்ன வாடகை வரும் என்பதை அவர் வாய் திறந்து சொல்லமாட்டார். அந்தக் கணக்குப் போட்டுத்தான் வாங்க வந்திருக்கிறார்.

நகரை விட்டு வெளியே மேலூர், உசிலம்பட்டி, சோழவந்தான், அலங்காநல்லூர் பக்கம் போனால் வேறு சிக்கல். கிராமத்து வீடுகள் பல நத்தம் நிலத்தில் இருக்கின்றன. தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்திருப்பார்கள். கையில் கிரயப் பத்திரம் என்று ஒன்று இருக்காது. பேங்க் வக்கீல் இதைப் பார்த்தால் லோனுக்கு ஒப்புதல் தரத் தயங்குவார். அங்கேயும் வழி, ரொக்கப் பார்ட்டி!

இரண்டு வகை

ரொக்கப் பார்ட்டி எல்லோரும் மோசம் என்று அர்த்தமில்லை. இதில் இரண்டு வகை உண்டு.

ஒருவர், லோன் வாங்காமல் சொந்தச் சேமிப்பில் வாங்குகிறவர். முழுத் தொகையையும் டி.டி.யாகவோ பேங்க் வழியாகவோ கட்டுவார். முழுத் தொகையும் பத்திரத்தில் இருக்கும். இவர் நல்ல கிராக்கி. இவருக்குக் கொஞ்சம் விலை குறைத்துக் கொடுத்தாலும் குற்றமில்லை.

அமெரிக்காவில் “வீட்டை ரொக்கத்துக்கு வாங்குகிறோம்” என்று தெருவுக்குத் தெரு போர்டு வைத்திருக்கும் ஆட்களும் பெரும்பாலும் இந்த வகைதான். அங்கே ரொக்கம் என்றால், லோன் இல்லாமல் பேங்க் மூலம் உடனே பணம் என்று பொருள்.

இன்னொருவர், நோட்டுக்கட்டாகத் தருகிறவர். சர்க்காரின் வழிகாட்டி மதிப்பு எவ்வளவோ அதை மட்டும் பத்திரத்தில் போடச் சொல்வார். மீதியைப் பையில் கொண்டு வருவார். வம்பு இவரிடம்தான்.

இவர் விலையைக் குறைத்துக் கேட்கும் தைரியம் எங்கிருந்து வருகிறது? வாரிசு சான்று இல்லை. பட்டா இன்னும் தாத்தா பெயரில். தாய்ப்பத்திரம் எங்கே என்று தெரியாது. இந்த நிலையில் லோன் வாங்கி வாங்குகிறவன் வரமாட்டான் என்பது அவருக்குத் தெரியும். அவர் குறைக்கும் விலை, நம் பேப்பர் சரியில்லாததற்கு அவர் போடும் அபராதம்!

கணக்குப் பார்ப்போம்

உதாரணத்துக்கு ஒரு வீடு. நல்ல பேப்பரோடு, லோன் வாங்கும் ஆளுக்கு விற்றால் ரூ.60 லட்சம் போகும். ரொக்கப் பார்ட்டி ரூ.50 லட்சம் தருகிறார். அதில் பத்திரத்தில் ரூ.26 லட்சம். பையில் ரூ.24 லட்சம். பங்குக்காரர்கள் இரண்டு அண்ணன் தம்பி, இரண்டு அக்கா தங்கை.

ரூ.60 லட்சத்துக்கு விற்றால் ஆளுக்கு ரூ.15 லட்சம். ரூ.50 லட்சத்தை ஒழுங்காகப் பிரித்தாலும் ஆளுக்கு ரூ.12½ லட்சம்.

நடப்பது என்ன? “பத்திரத்துல இருக்கிறது இருபத்தாறு. நாலாப் பிரிச்சா ஆறரை. இந்தா தாயி, ஒன் பங்கு” என்று அண்ணன் நீட்டுவார். “மிச்சம்?” என்று கேட்டால், “அப்பா ஆஸ்பத்திரிச் செலவு, கருமாதி, தரகு, ஒன் கல்யாணக் கடன்” என்று பட்டியல் வரும்.

ரூ.15 லட்சம் கிடைக்க வேண்டிய தங்கைக்கு ரூ.6½ லட்சம். நஷ்டம் ரூ.8½ லட்சம்!

சரி, ரூ.10 லட்சம் விலையைக் குறைத்து விற்றதில் குடும்பத்துக்கு மிச்சம் என்ன? வரி மிச்சம் என்பார்கள். அதையும் பார்க்கலாம்.

2024 ஜூலை 23 முதல் வீடு விற்ற நீண்டகால லாபத்துக்கு வரி 12½ சதவீதம். முழு ரூ.60 லட்சத்தையும் பத்திரத்தில் காட்டினால், கூடுதலாகக் கணக்கில் வருவது ரூ.34 லட்சம். அதற்கு வரி ரூ.4 லட்சத்து 25 ஆயிரம். அதன் மேல் 4 சதவீத செஸ் சேர்த்தாலும் ரூ.4½ லட்சத்தைத் தாண்டாது.

நாலரை லட்சத்தை மிச்சம் பிடிக்க, பத்து லட்சத்தை விட்டுக் கொடுத்திருக்கிறார்கள்!

வரி முழுக் கிரயத்துக்கும் கிடையாது, லாபத்துக்கு மட்டுமே. 2001 ஏப்ரல் 1-க்கு முன்பே குடும்பத்துக்கு வந்த வீடு என்றால், அந்தத் தேதியில் இருந்த நியாயமான மதிப்பை அசலாகக் காட்டலாம். கணக்கும் ஒவ்வொரு பங்குக்காரருக்கும் தனித்தனி. தன் பங்கு லாபத்தில் 2 ஆண்டுக்குள் வேறு வீடு வாங்கினாலோ, 3 ஆண்டுக்குள் கட்டினாலோ அதற்குச் சட்டப்படியே வரி விலக்கு உண்டு. பையில் வந்த பணத்துக்கு இந்தச் சலுகை எதுவும் இல்லை.

வாங்குகிறவருக்கோ இரட்டை லாபம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பத்திரத்தில் ரூ.24 லட்சத்தை மறைத்தால் அவருக்கு ரூ.2 லட்சத்து 16 ஆயிரம் மிச்சம். விலையில் குறைத்த ரூ.10 லட்சம் தனி.

அடி யாருக்கு?

இந்த விஷயம் பலருக்குத் தெரியாது. வீடு, நிலம் விற்கும்போது ரூ.20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2015 ஜூன் 1 முதல் வருமான வரிச் சட்டம் சொல்கிறது. அட்வான்சாக இருந்தாலும் இதே கதிதான்.

மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான தொகையை அபராதமாக விதிக்கலாம். ரூ.24 லட்சம் வாங்கினால் ரூ.24 லட்சம் அபராதம்!

அபராதம் யாருக்கு? பணம் கொடுத்தவருக்கு இல்லை. கை நீட்டி வாங்கியவருக்கு. அதாவது, விற்றவருக்கு.

2017 ஏப்ரல் 1 முதல் இன்னொரு சட்டமும் இருக்கிறது. எந்த வியாபாரமாக இருந்தாலும் ஒரே ஆளிடம் ஒரே நாளிலோ, ஒரே விவகாரத்துக்காகவோ ரூ.2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது குற்றம். இங்கேயும் அபராதம் வாங்கியவர் தலையில்தான்.

சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு

“இத்தனை வருஷமா நடக்குது. எவன் வந்து கேட்டான்?” என்று தரகர்கள் சிரிப்பது வழக்கம். 16-4-2025-க்குப் பிறகு அந்தச் சிரிப்புக்கு இடம் குறைந்து விட்டது.

பெங்களூருவில் ஒரு கல்வி நிறுவனத்தின் அனுபவத்தில் இருக்கும் சொத்து பற்றிய வழக்கு அது. அந்தச் சொத்தை வாங்க வேறு சிலரிடம் ரூ.75 லட்சம் ரொக்கமாக அட்வான்ஸ் கொடுத்ததாகச் சொல்லிச் சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் ஆகியோர் அந்த வழக்கையே நிராகரித்தார்கள்.

அதோடு விடவில்லை. “இவ்வளவு ரொக்கம் எங்கிருந்து வந்தது?” என்ற கேள்வியைக் கையில் எடுத்தார்கள். சொத்து விவகாரத்தில் ரூ.2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுத்ததாக வழக்கு வந்தால், அந்த ஊர் வருமான வரித்துறைக்குக் கோர்ட்டே தகவல் தர வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள்.

பதிவுக்கு வரும் பத்திரத்தில் அப்படி எழுதியிருந்தால் சார்பதிவாளர் தகவல் தர வேண்டும். தராமல் விட்டது தெரிந்தால், ஒழுங்கு நடவடிக்கைக்காக விஷயம் தலைமைச் செயலாளர் வரை போகும்.

இதனால் பங்கு கிடைக்காத தங்கைக்கு என்ன ஆகும்? “அண்ணன் ரூ.24 லட்சம் ரொக்கமா வாங்கினார், என் பங்கைத் தரல” என்று அவர் கோர்ட்டுக்குப் போனால், ரொக்கம் வாங்கிய சேதி வரித்துறைக்குப் போகும். அதே பத்திரத்தில் விற்றவர் என்று அவரும் கையெழுத்துப் போட்டிருப்பார். கேட்டால் வம்பு; கேட்காவிட்டால் நஷ்டம். அண்ணனுக்கு அது தெம்பு!

வேறு ஒரு தடையும் உண்டு. பத்திரத்தில் எழுதி, “பெற்றுக்கொண்டோம்” என்று கையெழுத்தும் போட்ட தொகைக்கு மாறாக வாய்வார்த்தையாகச் சொல்வதைக் கோர்ட்டு லேசில் ஏற்காது. கறுப்பில் போன பணத்துக்குச் சாட்சி இல்லை.

பெண்ணுக்குப் பங்கு உண்டா?

“கட்டிக் கொடுத்தாச்சு, நகை போட்டாச்சு. இனி என்ன பங்கு?” என்ற பேச்சு இன்றைக்கும் மதுரை வீடுகளில் கேட்கிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு. உயில் எழுதாமல் காலமாகி விட்டார். இந்து குடும்பம் என்றால் அம்மாவுக்கும், மகனுக்கும், மகளுக்கும் சமபங்கு. இது நேற்று வந்த சட்டம் அல்ல. 1956-ல் இருந்தே இருக்கிறது. கல்யாணம் ஆனதா, ஆகவில்லையா என்ற கேள்வியே இல்லை.

பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தில் 1989-ல் தமிழ்நாடு அரசு பெண்களுக்குச் சமபங்கு கொடுத்தது. 25-3-1989-க்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு அப்போது அது கிடைக்கவில்லை. 9-9-2005-ல் வந்த மத்திய அரசின் திருத்தம் அந்த வித்தியாசத்தை நீக்கியது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை என்று 11-8-2020-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லி விட்டது. 20-12-2004-க்கு முன்பே முறையாக நடந்து முடிந்த கிரயம், பாகப்பிரிவினையை மட்டும் இது தொடாது.

தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 2022-ல் வந்த தீர்ப்பு இன்னும் பின்னால் போனது. 1938-ல் கோர்ட்டு ஏலத்தில் எடுத்த சொத்து பற்றிய வழக்கு அது. 1956-க்கு முன்பே உயில் எழுதாமல் அப்பா இறந்திருந்தாலும், அவருடைய சுயசம்பாத்தியத்தில் மகளுக்கு உரிமை உண்டு என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

கிறிஸ்தவக் குடும்பங்களிலும் மகன், மகளுக்குப் பங்கு சமம். முஸ்லிம் குடும்பங்களில் மகனுக்குக் கிடைப்பதில் பாதி மகளுக்கு. எந்த மதத்திலும் மகளுக்குப் பங்கு பூஜ்யம் அல்ல.

மூன்று வலை

ரொக்கப் பார்ட்டி பக்கத்தில் இருந்து வரும் யோசனைகள் மூன்று.

முதலாவது, “இப்போதைக்கு பவர் மட்டும் எழுதிக் குடுங்க, கிரயம் பெறகு பாத்துக்கலாம்” என்பது. பவர் பத்திரத்தால் சொத்து கைமாறாது என்று 11-10-2011-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லி விட்டது. பவர் வாங்கியவர் கூடுதல் விலைக்கு இன்னொருவருக்கு விற்பார். அந்தப் பத்திரத்தில் விற்றவர் என்று இருப்பது உங்கள் பெயர். வரி நோட்டீசும் உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

இரண்டாவது, தங்கையிடம் முன்கூட்டியே விடுதலைப் பத்திரம் வாங்கச் சொல்வது. “சும்மா ஒரு கையெழுத்து தாயி, பணம் கிரயத்தன்னிக்கு” என்பார்கள். கையெழுத்து விழுந்த நிமிஷம் வீட்டில் அவர் பங்கு போய் விடும். அதில் எழுதிய தொகைதான் அவருக்குக் கடைசித் தொகை.

மூன்றாவது, பங்காளிகளில் பணமுடை உள்ள ஒருவரை மட்டும் தனியாகப் பிடித்து, அவருடைய பிரிபடாத பங்கை வாங்குவது. பிறகு, “நானும் ஒரு பங்குக்காரன்” என்று வந்து நின்று மற்றவர்களை மிரட்டுவது.

இதற்குப் பயப்பட வேண்டாம். குடும்பம் வசிக்கும் வீட்டில் ஒரு பங்கை வாங்கிய வெளியாள் உள்ளே வந்து சேர்ந்து குடியிருக்க உரிமை கிடையாது. அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், கோர்ட்டு நிர்ணயிக்கும் விலையைக் கொடுத்து அந்தப் பங்கைக் குடும்பத்தாரே வாங்கிக்கொள்ள 1893-ம் ஆண்டு பாகப்பிரிவினைச் சட்டம் வழி வைத்திருக்கிறது.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் இதே வலையில் நிறைய நிலத்தை இழந்தார்கள். குடும்பத்தார் முதலில் வாங்கிக்கொள்ளும் உரிமைக்கு அங்கே ஒரு மாதிரிச் சட்டம் வந்தது 2010-ல்தான். நம் ஊரில் அது 130 வருஷத்துக்கு மேல் பழசு. பயன்படுத்தத்தான் ஆள் இல்லை.

வழி என்ன?

முதலில் பேப்பர். தாசில்தாரிடம் வாரிசு சான்று. பட்டாவில் வாரிசுகள் பெயர். வில்லங்கச் சான்று. தாய்ப்பத்திரம் தொலைந்திருந்தால் பதிவு அலுவலகத்தில் நகல். சில மாதம் அலையத்தான் வேண்டும். ஆனால் இது கையில் இருந்தால் லோன் வாங்கும் கிராக்கியும் வருவார், போட்டி வரும், விலை ஏறும்.

குடும்பத்துக்குள்ளேயே ஒருவர் வீட்டை வைத்துக்கொள்ள நினைத்தால் அதற்கும் வழி உண்டு. குடும்பத்தாருக்குள் எழுதும் பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம். 2023 ஜூலையில் உயர்த்திய பிறகும் ஒரு பங்குக்கு உச்சவரம்பு ரூ.40 ஆயிரம். பதிவுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு ரூ.10 ஆயிரம்.

வெளியாளுக்கு விற்பது என்று முடிவானால் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். 2012-ல் இருந்து தமிழ்நாட்டில் இது கட்டாயம். வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம்.

கிரயத்தன்று பங்குக்காரர் எல்லோரும் விற்றவர்களாகக் கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொருவர் பங்குக்கும் தனித்தனி டி.டி. யாருக்கு எந்த நம்பர் டி.டி., எவ்வளவு தொகை என்று பத்திரத்தில் எழுத வேண்டும். அண்ணன் வாங்கித் தங்கைக்குக் கொடுக்கும் பேச்சே எழாது.

ஆஸ்பத்திரிச் செலவும் கடனும் உண்மையாக இருந்தால் அதையும் எழுதி, எல்லோர் பங்கிலும் சமமாகக் கழித்துக் கொள்ளலாம். அதற்கு யாரும் மறுப்புச் சொல்லப் போவதில்லை. கணக்குக் காட்டாத கழிவுதான் கூடப்பிறந்தவர்களைப் பிரிக்கிறது.

“டி.டி. கேட்டா பார்ட்டி ஓடிருவான்” என்று தரகர் பயமுறுத்துவார். ஓடட்டும்! பணத்தைக் கணக்கில் காட்ட முடியாதவர் ஓடினால் நஷ்டம் தரகருக்குத்தான்.

அவசரம் இருக்கும் வீடும் உண்டு. மகள் கல்யாணம், கந்துவட்டி நெருக்கடி, ஆபரேஷன் என்று கழுத்தைப் பிடிக்கும்போது ஆறு மாதம் காத்திரு என்று சொல்வது சுலபம். அப்போதும் விலையைக் குறைத்துத் தரலாம். பத்திரத் தொகையைக் குறைக்கச் சம்மதிக்கக் கூடாது. ரூ.50 லட்சம் என்றால் ரூ.50 லட்சமும் பத்திரத்தில் இருக்கட்டும்.

கையெழுத்துப் போடப் பஸ் ஏறி வரும் அக்காவும் தங்கையும் பேனாவைத் தொடுமுன் ஒன்றே ஒன்று கேட்டால் போதும்: “என் பங்குத் தொகை, என் பேர்ல, பத்திரத்துல எழுதியிருக்கா?”

பதில் இல்லை என்றால் கையெழுத்தும் இல்லை.